வந்தது பானையா, சொல்லா, ஆளா?

தாமிரபரணிக் கரையில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியருக்கு ஒரு வசதி உண்டு. ஒரு சங்கடமும் உண்டு. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை மூன்றும் பேருந்தில் போய் வரும் தூரத்தில் இருப்பது வசதி. அங்கே தாழிகளில் கிடப்பவர்கள் யார் என்ற கேள்வி சங்கடம். ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் வரலாற்றுக்கு முந்தைய காலத்தை நடத்தும்போது இந்தக் கேள்வி எழாத ஆண்டே இல்லை எனலாம். “அவங்கல்லாம் எங்கருந்து டீச்சர் வந்தாவ?” என்று ஒரு பிள்ளை கேட்கும். நாம் வாய் திறப்பதற்குள் அடுத்த பெஞ்சிலிருந்து பதில் வந்துவிடும்: “எங்க ஆளுவதான் டீச்சர், எங்க தாத்தா சொன்னாவ.”

‘எங்க ஆளுவ’ என்பது நம் மாவட்டத்துப் பள்ளிகளில் சாதாரணச் சொல் அல்ல. கையில் கட்டும் கயிற்றின் நிறத்தில் அது தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர், உடன் படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டதை நாம் மறக்கவில்லை. அதன் பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை விதிக்க வேண்டும் என்பதும் ஒரு பரிந்துரை. கயிற்றைப் பள்ளி வாசலில் அவிழ்க்கச் சொல்லிவிடலாம். ‘நாங்கள்தான் முதலில் வந்தவர்கள்’, ‘நீங்கள் எங்கிருந்தோ வந்தவர்கள்’ என்று கயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கதைகளை வாசலில் நிறுத்த முடியாது. அவை வகுப்புக்குள் வந்துதான் தீரும். வரும்போது, ஒரு மக்கள் கூட்டம் எங்கிருந்து வந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவது நம் கையில் இருக்கிறது.

அதற்கு நான் பயன்படுத்தும் வழி சற்றுச் சுற்று வழி. ஆதிச்சநல்லூரில் தொடங்குவதில்லை. யாருக்கும் சொந்தம் கொண்டாடத் தோன்றாத ஒரு கூட்டத்தில் தொடங்குகிறேன். விவிலியத்தில் வரும் பெலிஸ்தர்தான் அவர்கள்.

கோலியாத்தின் ஊர்க்காரர்கள்

பெலிஸ்தர் என்ற பெயர் நம் பகுதிப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. சண்டே ஸ்கூலுக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தாவீது கவண் கல்லால் வீழ்த்திய கோலியாத்தைத் தெரியும். சிம்சோனையும் தெலீலாளையும் தெரியும். போகாத பிள்ளைகளும் தோழர்களிடமிருந்து கதையைக் கேட்டிருப்பார்கள். கதையில் வில்லனாக வந்தவனின் ஊரையும் உறவையும் விசாரிக்கப் போகிறோம் என்றால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

பழைய ஏற்பாட்டில் பெலிஸ்தர் இஸ்ரவேலருக்குக் கடற்கரைப் பக்கத்து அண்டை வீட்டார், ஓயாத எதிரிகள். காசா, அஸ்கலோன், அஸ்தோத், எக்ரோன், காத் என்பவை அவர்களின் ஐந்து நகரங்கள். கோலியாத் காத் ஊர்க்காரன். இவர்கள் அந்த மண்ணில் தோன்றியவர்கள் அல்லர், கப்தோரிலிருந்து வந்தவர்கள் என்ற செய்தி ஆமோஸ், எரேமியா நூல்களில் இருக்கிறது. கப்தோர் என்பது மத்தியதரைக் கடலில் உள்ள கிரேத்தா தீவு என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஆதியாகமத்தின் பத்தாம் அதிகாரம் வேறு வகையில் பேசுகிறது. உலக மக்கள் எல்லோரையும் நோவாவின் மூன்று மகன்களான சேம், காம், யாப்பேத் வழியில் அது வரிசைப்படுத்துகிறது; பெலிஸ்தர் அங்கே காமின் வழியில் வருகிறார்கள். ஒன்று பயணக் கதை, மற்றொன்று வம்ச வரிசை. பூர்வீகத்தைப் பற்றிப் பேச உலகெங்கும் இந்த இரண்டு வழிகளும் இருந்திருக்கின்றன. நம் ஊரிலும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரு நூல் சொல்கிறது என்பதோடு நின்றுவிட்டால் அது ஒரு சாட்சி மட்டுமே. இரண்டாவது சாட்சி எகிப்தில் இருக்கிறது. மூன்றாம் ராம்சேஸ் என்ற மன்னரின் எட்டாம் ஆட்சியாண்டில், சுமார் பொ.ஆ.மு. 1175-ஐ ஒட்டி, கடல்வழியாகவும் தரைவழியாகவும் வந்த கூட்டங்களை எகிப்தியப் படை எதிர்த்துப் போரிட்டது. மெதினெத் ஹபு கோயில் சுவரில் அந்தப் போர் செதுக்கப்பட்டுள்ளது. வந்தவர்களின் பெயர்ப் பட்டியலில் ‘பெலெசெத்’ என்று ஒரு பெயர். இறகு நட்டதுபோல் உயர்ந்த தலையணியோடு வீரர்கள் கப்பலில் நிற்கிறார்கள். அதே சுவரில் மாட்டு வண்டிகள். வண்டிகளில் பெண்களும் குழந்தைகளும். இந்தப் படத்தை வகுப்பில் காட்டி, சண்டைக்கு வருகிறவர்கள் குழந்தைகளை எதற்கு வண்டியில் ஏற்றி வருகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். பத்து நிமிடம் வகுப்பு தானாக நடக்கும்.

மூன்றாவது சாட்சி மண்ணுக்குள் இருந்தது. அஸ்தோத், எக்ரோன், அஸ்கலோன் ஆகிய இடங்களைத் தோண்டியபோது, அந்தக் காலத்து அடுக்கில் திடீரென்று புதுவகைப் பானைகள் தென்பட்டன. வடிவமும் வண்ண ஓவியமும் கிரேக்கப் பகுதி ஏஜியன் கடற்கரைப் பானைகளைப் போல இருந்தன. கப்பலில் வந்த சரக்கோ என்று பார்த்தால், களிமண் உள்ளூர்க் களிமண். பானை வரவில்லை, அந்தப் பானையைச் செய்யத் தெரிந்த கை வந்திருக்கிறது. அடுப்பு அமைக்கும் முறையும், தறியில் நூலை இழுத்துப் பிடிக்கக் கட்டும் மண் குண்டும் மாறியிருந்தன. பன்றி எலும்புகள் மிகுதியாகக் கிடைத்தன. விற்பனைக்குப் பானை வரும். சமையல் பழக்கம் அப்படி வராது. அது வீட்டுப் பெண்களோடும் ஆண்களோடும்தான் வரும்.

நான்காவது சாட்சி 2019-இல் வெளியானது. அஸ்கலோனில் கிடைத்த பத்துப் பேரின் எலும்புகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்து ஆராய்ந்தார்கள். அவர்களில் சிலர், பெலிஸ்தர் வந்ததாகக் கருதப்படும் காலத்தில் வீட்டுத் தரைக்கு அடியில் புதைக்கப்பட்ட பச்சிளம் குழந்தைகள். அதற்கு முந்தைய காலத்து எலும்புகளில் இல்லாத, தெற்கு ஐரோப்பியப் பகுதியோடு ஒத்துப்போகும் ஒரு பங்கு இந்தக் குழந்தைகளிடம் இருந்தது. ஆக, ஆள் வந்தது உண்மை.

இங்கே நிறுத்திவிட்டால் பாடம் பாதிதான். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து அதே ஊரில் புதைக்கப்பட்டவர்களிடம் அந்த ஐரோப்பியப் பங்கு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கரைந்துபோயிருந்தது. வந்தவர்கள் உள்ளூரில் பெண் எடுத்தார்கள், பெண் கொடுத்தார்கள். விவிலியத்தில் சிம்சோன் பெலிஸ்தரிடம் பெண் எடுத்த கதையே இருக்கிறதே. மொழியும் அப்படித்தான் போயிற்று. எக்ரோனில் 1996-இல் கிடைத்த ஒரு கல்வெட்டில் பொ.ஆ.மு. ஏழாம் நூற்றாண்டு மன்னனின் பெயர் இருக்கிறது. தமிழ் விவிலியம் ‘ஆகீஸ்’ என்று எழுதும் அதே பெயர். அந்தப் பகுதி மொழிகளுக்கு அந்நியமாக ஒலிக்கும் பெயர். ஆனால் கல்வெட்டின் எழுத்தும் மொழியும் உள்ளூர்க் கானானியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் பொ.ஆ.மு. 604-இல் அஸ்கலோனை அழித்ததை ஒட்டி பெலிஸ்தர் தனிக் கூட்டமாக வரலாற்றிலிருந்து மறைந்தார்கள். பெயர் மட்டும் மறையவில்லை. பாலஸ்தீனம் என்ற நாட்டுப் பெயர் அவர்கள் பெயரிலிருந்து வந்ததுதான்.

அதாவது இரத்தம் இருநூறு ஆண்டில் கரைந்தது. மொழி சில நூற்றாண்டுகளில் போனது. பெயர் மூவாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. மூன்றும் ஒரே வேகத்தில் பயணம் செய்யவில்லை. பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்ட பிறகு ஆதிச்சநல்லூருக்கு வரலாம்.

அதே காலத்தில் பொருநைக் கரையில்

சிவகளையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை எடுத்த ஒரு தாழிக்குள் இருந்த நெல்லின் காலம் பொ.ஆ.மு. 1155 என்று அமெரிக்காவின் மயாமி நகர ஆய்வகம் கணித்தது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அதை அறிவித்தார். மெதினெத் ஹபு சுவரில் பெலிஸ்தரின் மாட்டு வண்டி செதுக்கப்பட்ட காலமும், சிவகளையில் யாரோ ஒருவர் இறந்தவருக்காகத் தாழிக்குள் நெல் இட்ட காலமும் ஏறத்தாழ ஒன்றே. கரும்பலகையில் ஒரே காலக்கோட்டில் இரண்டையும் குறித்தால் பிள்ளைகளுக்கு உலகம் சட்டென்று சிறிதாகிவிடும்.

இப்படி ஒரே காலத்தில் இருப்பதாலேயே இரண்டையும் முடிச்சுப் போடும் ஆசையும் எழுந்தது. ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியர் ஜாகோர் தோண்டினார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். அவர் எடுத்தவற்றில் நீள்வட்டமான பொன் தகடுகள் இருந்தன. இரு முனைகளிலும் நூல் கோக்கத் துளை. ரீ அவற்றை நெற்றிப்பட்டம் என்றார். இறந்தவரின் வாயை மூடும் தகடு என்று வேறு சிலர் கருதினர். சைப்ரஸ் தீவின் என்கோமியிலும் பாலஸ்தீனப் பகுதியிலும் சுமார் பொ.ஆ.மு. 1200-ஐ ஒட்டிய புதைகுழிகளில் இத்தகைய பொன் தகடுகள் கிடைத்திருப்பதை வரலாற்றாசிரியர்கள் ஒப்பிட்டுப் பேசினார்கள். அங்கிருந்து ‘அவர்களே இங்கே வந்தார்கள்’ என்பதற்கோ, ‘இங்கிருந்து அங்கே போனார்கள்’ என்பதற்கோ ஒரு தாவல்தான். மேடைப் பேச்சில் அந்தத் தாவல் எளிது.

பெலிஸ்தருக்குக் கேட்ட கேள்விகளையே இங்கும் கேட்டுப் பார்க்கலாம். பொன் தகடு ஒத்திருக்கிறது. சரி, பானை ஒத்திருக்கிறதா? இல்லை, இங்கே கிடைப்பது கருப்பு-சிவப்புப் பானையும் ஆளுயரத் தாழியும். சமையல்? இங்கே நெல். வெண்கல மூடிகளின் உச்சியில் உள்ள உருவங்கள்? எருமை, சேவல், புலி, யானை. 2004-இல் தி. சத்தியமூர்த்தி தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. அவற்றில் ஒன்றில் ஒட்டுருவமாக ஒரு பெண், அருகே மான், நீர்ப்பறவை, முதலை. எல்லாம் ஆற்றங்கரையில் நின்று பார்த்தவர் செய்த உருவங்கள். ஒரே ஒரு பொருள் ஒத்திருப்பதை வைத்து ஒரு மக்கள் கூட்டத்தைக் கப்பலேற்ற முடியாது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள்.

தோகை போன கதை

பொருளைப் போலவே சொல்லும் தனியாகப் பயணம் செய்யும். அதற்கும் நம் மண்ணோடு தொடர்புள்ள ஒரு விவிலியச் சான்று இருக்கிறது. சாலொமோன் மன்னரின் கப்பல்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்கு, மயில் ஆகியவற்றைக் கொண்டுவந்ததாக 1 இராஜாக்கள் பத்தாம் அதிகாரம் கூறுகிறது. மயிலுக்கு எபிரேய மூலத்தில் உள்ள சொல் ‘துக்கி’ (பன்மையில் ‘துக்கியீம்’). இது தமிழின் ‘தோகை’தான் என்பதை எடுத்துப் பேசியவர்களில் முக்கியமானவர் இடையன்குடியில் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல். 1856-இல் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இதை அவர் விளக்கினார். அது மயிலைக் குறிக்கவில்லை, ஒருவகைக் குரங்கைக் குறிக்கிறது என்று பிற்காலத்தில் மறுத்தவர்களும் உண்டு. கால்டுவெல் சொன்னதே சரி என்று வைத்துக்கொண்டாலும் அதற்கு என்ன பொருள்? மயில் போயிற்று, மயிலோடு அதன் பெயர் போயிற்று. விற்றவரின் வாயிலிருந்து வாங்கியவரின் வாய்க்கு, இடையில் எத்தனை துறைமுகங்களோ. அதனால் எபிரேயர் தமிழராகிவிடவில்லை. தமிழர் எபிரேயராகவும் இல்லை.

இதற்குப் பிற்காலச் சான்று இன்னும் உறுதியானது. எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசேர் அல்-காதிமில் ‘பானை ஒறி’ என்று தமிழி எழுத்தில் பொறித்த பானை ஓடு கிடைத்திருக்கிறது. உறியில் தொங்கவிடும் பானை. அங்கே தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் இருந்திருக்கிறார், தன் பானைக்குப் பெயர் எழுதியிருக்கிறார். வணிகத்துக்குப் போனவர். அதைக் குடிபெயர்வு என்று யாரும் சொல்வதில்லை.

கால்டுவெல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்தவர் அவர், தாழிகளையும் ஆராய்ந்தவர். மொழி ஒப்பீட்டில் அவர் செய்த பணிக்கு இன்றும் மதிப்புண்டு. மொழியிலிருந்து அவர் மக்கள் கூட்டத்துக்குத் தாவிய இடங்கள் அவ்வளவு உறுதியானவை அல்ல. பலுசிஸ்தானில் பேசப்படும் பிராகுயி மொழியை வைத்து, திராவிடர் வடமேற்கு வழியாக வந்தனர் என்று கருதினார். மொழிகளை ‘சித்திய’க் குடும்பத்தோடு இணைத்தார். அந்த இணைப்பை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை. பிராகுயி அங்கே எப்படி வந்தது என்பதே இன்றும் விவாதத்தில் இருக்கிறது. 1849-இல் அவர் எழுதிய ஒரு சிறுநூலில் நம் பகுதிச் சமூகம் ஒன்றின் பூர்வீகம் இலங்கை என்று எழுதியது, பல பத்தாண்டுகள் நீடித்த எதிர்ப்பைக் கிளப்பியது. மறுப்பு நூல்கள், மனுக்கள், பதிலுக்குப் புதிய பூர்வீகக் கதைகள். ஒரு பூர்வீகக் கருத்து ஒரு ஊரில் என்ன செய்யும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை.

நம்மிடம் உள்ள பயணக் கதைகள்

விவிலியத்தில் கப்தோர் இருப்பதுபோல் நம்மிடமும் பயணக் கதைகள் உண்டு. தாமிரபரணி பிறக்கும் பொதிகையில் அகத்தியர் இருக்கிறார். அவர் வடக்கிலிருந்து வந்தவர். துவராபதியிலிருந்து பதினெட்டு வேளிர் குடிகளை அவர் அழைத்து வந்தார் என்று தொல்காப்பிய உரையில் நச்சினார்க்கினியர் எழுதுகிறார். தெற்கே கடல்கொண்ட நிலத்திலிருந்து வந்தோம் என்பது இன்னொரு கதை. சங்கங்களைக் கடல் கொண்ட செய்தி இறையனார் களவியல் உரையில் உண்டு. ஆற்றின் பெயரும் இலங்கையின் பழைய பெயரான தம்பபண்ணியும் ஒன்றாக இருப்பதை வைத்து எதிர்க்கரையோடு முடிச்சுப் போடுவது மூன்றாவது. தாழிகளுக்கே ஊர்ப்புறத்தில் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் மனிதர்கள் சாகாமல் வயதாகி வயதாகிக் குறுகிப் போவார்களாம். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதபோது சோறும் தண்ணீரும் வைத்துத் தாழிக்குள் இறக்கிவிடுவார்களாம். முதுமக்கள் தாழி என்ற பெயருக்கு எங்கள் பாட்டிமார் தந்த விளக்கம் இது.

இந்தக் கதைகளைப் பொய் என்று ஒதுக்க வேண்டாம். மெய் என்று நடத்தவும் வேண்டாம். கப்தோர் கதைக்கு எகிப்துச் சுவரும் பானையும் எலும்பும் துணை நின்றன. நம் கதைகளில் எதற்கு எந்தத் துணை இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்டுப் பார்த்தால் எதிர்க்கரைத் தொடர்புக்கு மட்டும் மண்ணில் துணை கிடைக்கிறது. இலங்கையின் வடமேற்குக் கரையில், மன்னார் வளைகுடாவின் அந்தப் பக்கம், பொம்பரிப்பு என்ற இடத்தில் ஆதிச்சநல்லூரை ஒத்த தாழிப் புதைகாடு இருக்கிறது. இடையில் உள்ள கடலைத் தோணியில் கடக்க முடியும். யார் எந்தப் பக்கம் போனார்கள் என்பதை விட, இரு கரையும் ஒரே பழக்கத்தைப் பகிர்ந்துகொண்டன என்பதே உறுதியாகச் சொல்லக்கூடியது.

மண்டையோட்டை அளந்தவர்கள்

ஆதிச்சநல்லூர் எலும்புகளுக்கும் ஒரு கதை உண்டு. அதைப் பாடநூல்களில் விரிவாகக் காண முடியாது என்பதால் சொல்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனிதர்களை மண்டையோட்டின் நீள அகலத்தால் இனம் பிரித்தார்கள். ஆதிச்சநல்லூர் மண்டையோடுகள் எலியட் ஸ்மித்திடம் போயின. உலக நாகரிகம் எல்லாம் எகிப்திலிருந்து பரவியது என்று நம்பியவர் அவர். 1930-இல் சக்கர்மேன் அவற்றைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். 1963-இல் சாட்டர்ஜியும் குப்தாவும் மீண்டும் ஆராய்ந்தார்கள். ஒருவர் பார்வையில் ஆஸ்திரேலிய வகை, இன்னொருவர் பார்வையில் மத்தியதரைக் கடல் வகை. ஒரே புதைகாட்டில் பல ‘இனங்கள்’ இருந்ததாகவும், அவர்கள் வெளிநாட்டவர் என்றும் பின்னாளிலும் செய்திகள் வந்தன.

அளவுகோலே பிசகு. ஃபிரான்ஸ் போவாஸ் என்ற மானிடவியலாளர் 1910-களின் தொடக்கத்திலேயே, அமெரிக்காவில் குடியேறிய பல ஆயிரம் பேரையும் அவர்களின் பிள்ளைகளையும் அளந்து, தலை வடிவம் ஒரு தலைமுறையிலேயே மாறக்கூடும் என்று காட்டியிருந்தார். நம் வகுப்பறையில் உள்ள நாற்பது பிள்ளைகளின் தலையை அளந்தால் அவர்களையும் நாலு ‘இன’மாகப் பிரித்துவிடலாம். (அளக்கச் சொல்லாதீர்கள், பிள்ளைகள் உடனே ஆரம்பித்துவிடுவார்கள். சொன்னாலே புரியும்.) பெலிஸ்தருக்குக் கைகொடுத்த டி.என்.ஏ. இங்கே எளிதில் கிடைப்பதில்லை. வெப்பமும் ஈரமும் மாறி மாறி வரும் மண்ணில் அது விரைவில் சிதைந்துவிடும்.

அப்படியானால் ஆதிச்சநல்லூர் மக்களைப் பற்றி எதைச் சொல்ல முடியும்? நிறையவே சொல்ல முடியும். அங்கே கிடைத்த பொருள்களுக்குச் செய்த கரிமக் கணிப்பில் பொ.ஆ.மு. 905, 696 என்ற காலங்கள் வந்ததாக 2019-இல் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. சிவகளை நெல் அதற்கும் முந்தையது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கையில் சிவகளை மாதிரிகளுள் ஒன்றின் காலம் பொ.ஆ.மு. 3345 வரை போகிறது. கொற்கையில் 1968-69 அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலம் பொ.ஆ.மு. 785. இந்த ஆற்றங்கரையில் நெல் விளைவித்து, இரும்பு உருக்கி, இறந்தவரைத் தாழியில் இட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். வெண்கலத்துக்கு வேண்டிய வெள்ளீயம் இந்தப் பகுதியில் கிடைக்காது. அதைத் தூரத்திலிருந்து வரவழைத்தார்கள். தாழியில் புதைக்கும் வழக்கம் சங்கப் புலவர்களுக்குத் தெரிந்திருந்தது. கணவனை இழந்த பெண், தன்னையும் சேர்த்து வைக்கும் அளவுக்குத் தாழியைப் பெரிதாகச் செய்யும்படி குயவரிடம் கேட்கும் பாடல் புறநானூற்றில் உண்டு. தாழிக்கும் தமிழுக்கும் உள்ள உறவுக்கு மண்டையோட்டை விட இது நல்ல சான்று.

வீரவநல்லூரும் சாவியும்

இவ்வளவும் சொன்ன பிறகும் ‘சொல் வேறு, ஆள் வேறு’ என்பது சில பிள்ளைகளுக்குப் பிடிபடாது. அப்போது கண் முன்னே இருப்பதைக் காட்ட வேண்டும். நம் வீட்டில் சாவி இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, மேசை, அலமாரி இருக்கின்றன. நான்கும் போர்த்துகீசியச் சொற்கள். முத்துக்குளித்துறைக்கு அவர்கள் வந்து போய் நாலைந்து நூற்றாண்டு ஆகிறது. கதவைத் திறக்கும் நம்மில் யாரும் போர்த்துகீசியர் அல்லர். இங்கே சொல் தங்கியது, ஆள் தங்கவில்லை.

வீரவநல்லூருக்குப் போனால் நேர் எதிர். அங்கே தறி நெய்த சௌராஷ்டிரக் குடும்பங்கள் வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுகின்றன. மேற்கு இந்தியாவில் புறப்பட்டு, பல தலைமுறைகள் வழியில் தங்கித் தங்கி, தமிழகம் வந்தவர்கள். இங்கே ஆளோடு சொல்லும் வந்தது, தொழிலும் வந்தது. கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவர்களை எழுப்பி விடாமல், தாமாகச் சொல்ல விரும்புகிறவர்களைச் சொல்ல விடுங்கள். ‘வந்தவர்கள்’ என்ற சொல் வகுப்பில் வசையாக மாறாமல் பார்த்துக்கொள்வது அந்த நேரத்தில் நம் வேலை. பெயரைச் சுட்டிப் பேசும் பிள்ளையை அங்கேயே நிறுத்த வேண்டும்.

மேல்வகுப்பானால் இன்னொரு செய்தியையும் சேர்க்கலாம். இந்தியா முழுவதும் எழுபதுக்கும் மேற்பட்ட சமூகங்களின் மரபணுவை ஒப்பிட்டு 2013-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கே மக்கள் பரவலாகக் கலந்தார்கள். தனித்து வாழ்வதாகக் கருதப்படும் பழங்குடிகளும் அதற்கு விலக்கல்ல. அகமண முறை இறுகியது அதற்குப் பிறகுதான். ஆதிச்சநல்லூர்த் தாழிகள் புதைக்கப்பட்டது இந்தக் கலப்புக் காலத்துக்குள் வருகிறது. அடுத்த பெஞ்சுப் பிள்ளையின் ‘எங்க ஆளுவதான்’ என்பதற்கு, அது எல்லார்க்கும் பொருந்தும் என்று பதில் சொல்ல இந்த ஒரு செய்தி போதும்.

கரும்பலகையில் நான் போடும் கட்டம் எளிது. மேலே நான்கு தலைப்பு: பொருள், சொல், பழக்கம், ஆள். பக்கவாட்டில் பெலிஸ்தர், சாவி, தோகை, வீரவநல்லூர், பொம்பரிப்பு, ஆதிச்சநல்லூர். எது நகர்ந்ததற்குச் சான்று இருக்கிறதோ அங்கே டிக். அந்தச் சான்று என்ன என்று பக்கத்தில் ஒரு வரி. சான்று சொல்ல முடியாத டிக்கை அடுத்த குழு அழித்துவிடலாம். இரண்டு பாடவேளை போதும். ஆதிச்சநல்லூர்க் கள அருங்காட்சியகத்தில் கண்ணாடித் தளத்தின் மேல் நின்று, கீழே கிடக்கும் தாழிகளைப் பார்த்துவிட்டு வந்த பிறகு போட்டால் இன்னும் நன்றாக இருக்கும். இல்லாவிட்டால் ரெட்டியார்பட்டிப் பொருநை அருங்காட்சியகத்துக்குப் போய் வந்த பிறகும் போடலாம். ஆதிச்சநல்லூர் வரிசையில் ‘ஆள்’ என்ற கட்டத்துக்கு வரும்போது பிள்ளைகள் சண்டை போடுவார்கள். போடட்டும். அந்தக் கட்டத்தை மட்டும் நோட்டில் பென்சிலால் நிரப்பச் சொல்லுங்கள்.